டெக்சாஸின் இரண்டு எதிரி வளாகங்கள்: ஃபுட்பால் வார இறுதிக்கு எங்கே போகலாம்?

டெக்சாஸில் ஒரு காலேஜ் ஃபுட்பால் வார இறுதிக்குப் பணமும் விடுப்பும் ஒதுக்க நினைப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, காலேஜ் ஸ்டேஷனா ஆஸ்டினா என்பதுதான். விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு தடவைதான் முடியும் என்றால், காலேஜ் ஸ்டேஷனில் உள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். இரண்டு தடவை முடியும் என்றால் அங்கே முதலில், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு அடுத்து. வரிசை முக்கியம். ஆஸ்டினில் நீங்கள் பார்க்கப்போகும் கொம்பு மாடு, சிவப்பு மெழுகுவர்த்தி, பாட்டு எல்லாவற்றிலும் காலேஜ் ஸ்டேஷன்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். அங்கே போய்வந்த கண்ணுக்குத்தான் அது தெரியும்.

இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்து, ஹெல்மெட், தோள் கவசம் போட்டு ஆடும் ஆட்டம். விதிகள் தெரியாவிட்டாலும் குறையில்லை. இந்த விமர்சனம் ஆட்டத்தைப் பற்றியதல்ல. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஒரு வளாகம் வெளியாளுக்கு என்ன தருகிறது, அதை முழுதாக வாங்கிக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. இரண்டு ஊருக்கும் நடுவில் சாலை வழியே சுமார் 105 மைல். இரு அணிகளும் முதலில் மோதியது 1894இல். 2011இல் ஏ அண்ட் எம் வேறு லீகுக்குக் கிளம்ப, ஆட்டம் நின்றுபோனது. டெக்சாஸும் 2024இல் அதே எஸ்.இ.சி. லீகுக்கு வந்துசேர்ந்த பிறகுதான், அந்த நவம்பர் 30 அன்று மறுபடி மோதினார்கள். இடையில் போன 13 ஆண்டுகளிலும் இரண்டு பக்கமும் மற்றவரைத் திட்டும் பாட்டை ஒரு வாரம்கூட நிறுத்தவில்லை.

ஏ அண்ட் எம்முக்குப் போவதென்றால் வெள்ளி மதியத்துக்குள் ஊருக்குள் இருங்கள். சனிக்கிழமை காலையில் வந்து மாலையில் திரும்புபவர்கள் இந்த வளாகத்தின் பாதியை இழக்கிறார்கள். முதலில் மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டர். பெயரைப் பார்த்து மாணவர் விடுதி, உணவகம் என்று நினைத்துவிடக் கூடாது. போர்களில் இறந்த ஏ அண்ட் எம் மாணவர்களுக்கான நினைவிடம் அது. உள்ளே நுழையும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும். கட்டடத்தைச் சுற்றியுள்ள புல்லும் நினைவிடத்தின் பகுதிதான், அதனால் யாரும் அதை மிதிப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. குறுக்கு வழி என்று நினைத்துப் புல்லில் காலை வைத்த நொடியில் யாராவது ஒரு மாணவர் வந்து, முகம் சுளிக்காமல், ஏன் கூடாது என்று விளக்குவார். அந்த விளக்கத்தில் தெரியும் பொறுமையே இந்த வளாகத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். எதிரில் வருபவர் யாராக இருந்தாலும் "ஹௌடி" என்பார்; நீங்களும் "ஹௌடி" என்றால் போதும்.

அங்கிருந்து, வெளிச்சம் இருக்கும்போதே பான்ஃபயர் நினைவிடத்துக்குப் போங்கள். இதைத் தவிர்த்துவிட்டு இரவுக் கூச்சலை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஏ அண்ட் எம் வெறும் ஆர்ப்பாட்டமாகத் தெரியும்.

ஒவ்வோர் ஆண்டும் டெக்சாஸோடு மோதும் ஆட்டத்துக்கு முன்னால் மாணவர்கள் தாங்களே மரம் வெட்டி, சுமந்து வந்து, கேக் மாதிரி அடுக்கடுக்காக நட்டுப் பெரிய தீ மூட்டுவார்கள். எதிரியை ஒழிக்க எங்களுக்குள் எரியும் தீ என்பது அதன் பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குப்பைக்குவியலை எரிப்பதாகத் தொடங்கிய வழக்கம் அது. பிற்பாடு ஆயிரக்கணக்கான மரத்தண்டுகளைக் கொண்ட கட்டுமானமாக வளர்ந்துவிட்டது. 1999 நவம்பர் 18, அதிகாலை 2:42 மணிக்கு, 59 அடி உயரத்துக்கு எழும்பியிருந்த அடுக்கு மாணவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே சரிந்தது. 12 பேர் இறந்தார்கள். 27 பேர் காயமடைந்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை காரணத்தைத் தெளிவாகச் சொன்னது. இரண்டாம் அடுக்கின் மரங்களை முதல் அடுக்கின் இடுக்குகளில் ஆப்பு மாதிரி இறக்கியதால் கீழ் அடுக்கு வெளிப்பக்கமாகப் பிதுங்கியது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கட்டு அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் முதல் அடுக்கைச் சுற்றிப் போட்ட எஃகு வடம் அந்த ஆண்டு போடப்படவில்லை. பொறியாளர் எவரும் கணக்குப் போட்டுச் சரிபார்க்காமல், மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தே கைமாறிய கட்டுமானம் அது. வாய்வழியாக வந்த மரபின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருந்தன.

நினைவிடம் 2004 நவம்பர் 18இல் திறக்கப்பட்டது. தீ மூட்டிய ஆண்டுகளைக் குறிக்கும் கல்வரிசை வழியாக நடந்து போனால் பெரிய வட்டம் ஒன்று வரும். வட்டத்தில் 12 வாசல்கள், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒவ்வொரு வாசலும் அந்த மாணவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்க்கிறது. வாசலுக்கும் வாசலுக்கும் இடையில், காயமடைந்தவர்களுக்காக 27 கற்கள். ஒரு வாசலுக்குள் நின்று அது காட்டும் திசையில் பாருங்கள், அது ஒன்று போதும். அரைமணி நேரம் ஒதுக்குங்கள், சத்தமாகப் பேசாதீர்கள். வளாகத்தில் இப்போது தீ கிடையாது. திரும்பக் கொண்டுவரலாமா என்ற பேச்சு 2024இல் எழுந்தபோது, வேண்டாம் என்று பல்கலைக்கழகத் தலைவர் முடிவு செய்தார். சரியான முடிவு. மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே, பல்கலைக்கழகத்தின் அனுமதியோ பொறுப்போ இல்லாமல், தனியாக ஒன்றை நடத்துகிறார்கள். அதை இந்த வார இறுதியின் பகுதியாக நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

இனி மிட்நைட் யெல், அதாவது ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் எல்லோரும் கூடிக் கத்திப் பழகும் நிகழ்ச்சி. உள்ளூர் ஆட்டம் இருக்கும் வாரங்களில் வெள்ளி நள்ளிரவு, கைல் ஃபீல்ட் மைதானத்திலேயே நடக்கும். டிக்கெட் வேண்டாம். 1930களின் தொடக்கத்திலிருந்து நடந்துவருகிறது. இங்கே சியர்லீடர்கள் கிடையாது. மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்து யெல் லீடர்கள், மூன்று பேர் நான்காம் ஆண்டு, இரண்டு பேர் மூன்றாம் ஆண்டு, வெள்ளைச் சீருடையில் நின்று கூட்டத்தை நடத்துவார்கள். முறை இதுதான். யெல் லீடர் ஒரு கை சைகை காட்டுவார். முன்வரிசை அதைப் பார்த்துத் தானும் காட்டும். பின்வரிசை அதைப் பார்த்து மேலே கடத்தும். சைகை உச்சிவரிசைக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலுக்குச் சற்று மேலே ஊன்றி, அடிவயிற்றிலிருந்து கத்துவார்கள். குனிவது வேடிக்கைக்கு அல்ல. அந்த நிலையில் வயிறு அமுங்கி மூச்சு வேகமாக வெளியே வரும் என்பதுதான் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம். நிமிர்ந்து நின்று கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும். புதியவர்கள் செய்யும் தவறு யெல் லீடரையே பார்த்துக்கொண்டிருப்பது. உங்களுக்கு முன்வரிசையில் இருப்பவர் கையைப் பாருங்கள், ஓசை தவறாது. முஷ்டிகளை ஒன்றையொன்று சுற்றினால் "ஃபார்மர்ஸ் ஃபைட்". கட்டைவிரலை மேலே காட்டினால் "கிக் எம்" (Gig 'em). மற்றவை போகப்போகப் பிடிபட்டுவிடும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல். யெல் லீடர்கள் எதிரணியைப் பற்றிச் சொல்லும் கதைகளில் சில கொச்சையாக இருக்கும். கடைசியில் விளக்கை அணைப்பார்கள். அப்போது ஜோடிகள் முத்தமிட்டுக்கொள்வது வழக்கம். ஜோடி இல்லாதவர்கள் லைட்டரை ஏற்றிப் பிடித்தால், அந்தச் சுடரை அடையாளமாக வைத்து ஒருவரையொருவர் கண்டுபிடிப்பார்கள் என்பது பழைய கணக்கு. எல்லாம் முடிந்து அறைக்குத் திரும்ப ஒரு மணி தாண்டிவிடும்.

சனிக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால் தவறவிடக் கூடாதது கார்ப்ஸ் ஆஃப் கேடட்ஸ் என்ற சீருடை மாணவர் படை அணிவகுத்து மைதானத்துக்குள் வருவது. நேரம் ஆட்டத்தைப் பொறுத்து மாறும். அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ அண்ட் எம் ராணுவக் கல்லூரியாகவே வளர்ந்தது. கேடட்டாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் 1965இல்தான் போனது. பெண்கள் கார்ப்ஸில் சேர முடிந்தது 1974இல். பேண்டு அவர்களுக்குத் திறந்ததோ 1985இல், அதுவும் நீதிமன்றத்துக்குப் போன பிறகு. இந்த வளாகத்தின் ஒற்றுமையை வியக்கும்போது, அந்த ஒற்றுமைக்குள் யாரை எவ்வளவு தாமதமாகச் சேர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கைல் ஃபீல்டில் 1,02,733 பேர் அமரலாம். "அமரலாம்" என்பது பேச்சுக்குத்தான். மாணவர் பகுதியில் ஆட்டம் முழுவதும், அதாவது ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், யாரும் உட்காரமாட்டார்கள். 1922 ஜனவரி 2 அன்று டாலஸில் சென்டர் கல்லூரியோடு நடந்த ஆட்டத்தில் ஏ அண்ட் எம் வீரர்கள் வரிசையாகக் காயமடைந்தார்கள். மாற்று ஆள் தீர்ந்துவிடுமோ என்ற நிலையில், பார்வையாளர் பக்கம் இருந்த இ. கிங் கில் என்ற மாணவரைப் பயிற்சியாளர் கூப்பிட்டார். அவர் சீருடை மாற்றிக்கொண்டு ஓரத்தில் தயாராக நின்றார். கடைசிவரை அவரை இறக்கும் தேவை வரவில்லை; அணி 22–14 என வென்றது. 12ஆவது மனிதர் என்ற பெயரும், நிற்கும் வழக்கமும் அங்கிருந்து வந்தவை. தேவைப்பட்டால் இறங்கத் தயார் என்பதுதான் நிற்பதன் அர்த்தம். அந்தப் பெயரை ஏ அண்ட் எம் வணிக முத்திரையாகவே பதிந்து வைத்திருக்கிறது. சியாட்டிலின் தொழில்முறை அணி அதைப் பயன்படுத்தியபோது வழக்குப் போட்டு உரிமக் கட்டணம் வாங்கியது. முழங்கால் வலி உள்ளவர்கள், முதியவர்கள் மாணவர் பகுதியை ஒட்டிய இருக்கைகளை வாங்கவே வேண்டாம். முன்னால் இருப்பவர் உட்காராதபோது நீங்கள் உட்கார்ந்தும் பயனில்லை.

போர்ப்பாட்டு வரும்போது பக்கத்தில் இருப்பவர் தோளில் கை போட்டு, காலைப் பின்னிக்கொண்டு, ஒரே தாளத்தில் இடமும் வலமும் ஆடுவார்கள். டெக்சாஸ் அணியின் சின்னமான மாட்டின் கொம்பை ரம்பத்தால் அறுப்பதாகப் பாவனை. மேல்தளத்தில் இருந்தால் கான்கிரீட் நகர்வது காலில் தெரியும். பயப்பட வேண்டாம். கையில் சூடான எதையும் அப்போது வைத்திருக்காதீர்கள், அவ்வளவுதான்.

உணவு வரிசைக்கு இடைவேளையில் போகாதீர்கள். இது நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை. மற்ற மைதானங்களில் இடைவேளை என்றால் கூட்டம் எழுந்து போகும். இங்கே கூட்டம் அப்போதுதான் அமைதியாகும். ஏறக்குறைய 400 பேர் கொண்ட ஃபைட்டிங் டெக்சாஸ் ஏகி பேண்டு (ஏகி என்பது ஏ அண்ட் எம்காரர்களின் செல்லப்பெயர்) நடனமோ வேடிக்கையோ இல்லாமல், ராணுவ நடையை மட்டும் வைத்து நிகழ்ச்சி நடத்துகிறது. நான்கு திசையிலிருந்து வரும் வரிசைகள் மோதாமல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியேறுவதை மேல்தளத்திலிருந்து பார்த்தால் துணி நெய்வது போல இருக்கும். கீழ்வரிசையில் இருப்பவர்களுக்கு இந்தக் கோலம் தெரியாது. வெறும் நடைதான் தெரியும். பேண்டுக்காகவே வருகிறீர்கள் என்றால் நடுக்கோட்டுக்கு நேரான மேல்தள இருக்கை போதும். அது விலையும் குறைவு. தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டாம் கால்பகுதியின் நடுவில் எழுந்து போய்வந்துவிடுங்கள்.

ரெவெலியைச் சொல்லாமல் முடியாது. ஏ அண்ட் எம்மின் சின்னமான ரஃப் காலி இன நாய், இப்போதிருப்பது பத்தாவது. கேடட்டுகள் 1931இல் தெருவிலிருந்து தூக்கிவந்த நாய் காலை விழிப்பு எக்காளத்துக்குக் குரைத்ததால் எக்காளத்தின் பெயரே அதற்கும் ஆனது. கார்ப்ஸில் ஆக உயர்ந்த பதவி அதற்குத்தான். வகுப்பில் அது குரைத்தால் வகுப்பைக் கலைக்க வேண்டும் என்பது மாணவர்களின் உரிமைக் கோரிக்கை. இறந்த ரெவெலிகளை மைதானத்தின் வடக்கு வாசலுக்கு வெளியே புதைத்திருக்கிறார்கள். விரிவாக்கக் கட்டுமானம் கல்லறைக்கும் ஸ்கோர்போர்டுக்கும் நடுவில் எழும்பியதும், அவற்றுக்கு ஸ்கோர் தெரிய வேண்டும் என்று தனியாக ஒரு சின்ன ஸ்கோர்போர்டு வைத்தார்கள். உள்ளே போகும் முன் பார்த்துவிடுங்கள்; வெளியே வரும்போது கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

ஆட்டம் முடிந்ததும் எழாதீர்கள். வென்றால், முதலாம் ஆண்டு கேடட்டுகள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்துத் தூக்கிப்போய் ஃபிஷ் பாண்ட் என்ற நீரூற்றுத் தொட்டியில் போடுவார்கள், பிறகு ஒய்.எம்.சி.ஏ. கட்டடப் படிகளில் அடுத்த வார ஆட்டத்துக்கான யெல் பயிற்சி. தோற்றால் ஊர்வலம் கிடையாது. அதே இருக்கைகளில் நின்று அப்போதே அடுத்த வாரத்துக்கு யெல் பயிற்சி. தோற்ற இரவில் அதைப் பார்க்க நேர்ந்தவர்கள் பாக்கியசாலிகள். வீட்டுக்கு ஓடாத கூட்டம் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரியும்.

ஆஸ்டினில் இவ்வளவு பாடம் படிக்க வேண்டியதில்லை. அதுவே அதன் பலம், குறையும் அதுதான். 1924இல் திறந்த டேரல் கே. ராயல் மைதானம் ஊருக்கு நடுவில், மாநிலத் தலைமைச் செயலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. இங்கும் லட்சத்துக்கு மேல் கூட்டம். ஆனால் வளாகம் ஊரோடு கலந்துவிடுவதால், ஆட்டநாளின் பெரும்பகுதி தெருவில்தான் நடக்கிறது. சான் ஹசின்டோ தெருவை மூடி "பீவோ புலவார்ட்" ஆக்கிவிடுவார்கள்: இசை, உணவு வண்டிகள், விளையாட்டுகள், அனைத்தும் டிக்கெட் இல்லாமலே. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விட்டால் அணியின் சின்னமான பீவோ காளையின் ஊர்வலமும், அதன் பின்னே அணி நடந்துவருவதும் கிடைக்கும். ஓரத் தடுப்பை ஒட்டி இடம் பிடியுங்கள்; இரண்டாம் வரிசையில் நின்றால் கொம்பு மட்டும்தான் தெரியும். அதே தெருவில் சற்றுத் தெற்கே போனால் 1866 முதல் இயங்கும் ஷோல்ஸ் கார்ட்டன். ஆட்டநாளில் இடம் கிடைப்பது கஷ்டம் என்பதால் முந்தைய நாள் மாலையே அதற்கு உகந்தது.

பீவோ உயிருள்ள லாங்ஹார்ன், அதாவது நீண்ட கொம்பு இனக் காளை. சில்வர் ஸ்பர்ஸ் என்ற மாணவர் அமைப்பு அதைப் பார்த்துக்கொள்கிறது, இப்போதிருப்பது பதினைந்தாவது. முதல் பீவோ வந்தது 1916 நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை அன்று, ஏ அண்ட் எம்மோடு ஆடிய ஆட்டத்தில். டெக்சாஸ் 21–7 என வென்றது. 1917 தொடக்கத்தில் ஏ அண்ட் எம் மாணவர்கள் சிலர் இரவில் புகுந்து, முந்தைய 1915 ஆட்டத்தில் தாங்கள் வென்ற 13–0 என்ற ஸ்கோரைக் காளையின் உடம்பில் சூடுபோட்டு எழுதினார்கள். அந்த எண்களைத் திருத்தித்தான் பீவோ என்ற பெயரை டெக்சாஸ்காரர்கள் உருவாக்கினார்கள் என்று இன்றும் கைடுகள் சொல்வார்கள். நல்ல கதை, ஆனால் நடந்தது அதுவல்ல. சூடு போடும் முன்பே, 1916 டிசம்பரில், முன்னாள் மாணவர் இதழில் அந்தப் பெயர் அச்சாகிவிட்டது. உண்மையான முடிவு அந்தக் கட்டுக்கதையைவிட விசித்திரமானது. வளர்ப்புச் செலவு கட்டுப்படியாகாமல் 1920 ஜனவரியில் காளையை அறுத்து விருந்து வைத்தார்கள். ஏ அண்ட் எம் ஆட்களையும் அழைத்து, 13–0 இருந்த பக்கத்துத் தோலை அவர்கள் கையில் கொடுத்தார்கள். எதிரிக்கும் பந்தியில் இலை போட்ட விருந்து அது.

கை அடையாளங்களிலும் இந்தப் பிணைப்பு உண்டு. கட்டைவிரலை உயர்த்தும் "கிக் எம்" 1930இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தோடு (டி.சி.யூ.) ஆடிய ஆட்டத்துக்கு முந்தைய யெல் பயிற்சியில் பிறந்தது. டி.சி.யூ.வின் சின்னம் கொம்புத் தவளை. கிக் என்பது தவளை குத்தும் ஈட்டி. ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் கொம்பாக நீட்டும் "ஹுக் எம்" அடையாளத்தை 1955இல் கிரெகரி ஜிம்மில் ஹார்லி கிளார்க் என்ற சியர்லீடர் கற்றுக்கொடுத்தார், அதுவும் டி.சி.யூ. ஆட்டத்துக்கு முந்தைய கூட்டத்தில். மறுநாள் டெக்சாஸ் 47–20 எனத் தோற்றது, அடையாளம் நிலைத்துவிட்டது. அதைத் தலைகீழாகக் காட்டுவது லாங்ஹார்ன்கள் எனப்படும் டெக்சாஸ்காரர்களுக்கு அவமதிப்பு. புகைப்படத்துக்காகக் குழந்தைகள் விளையாட்டாக விரலைக் கவிழ்த்தாலும் இங்கே முறைப்பார்கள்.

பேண்டு இங்கே வேறு சுவை. ஏ அண்ட் எம் நடை என்றால், இது காட்சி. பிக் பெர்த்தா என்ற ராட்சத டிரம்மைச் சக்கரத்தில் வைத்து இழுத்து வருவார்கள். பழையது 1922இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காகச் செய்தது. அந்தப் பல்கலைக்கழகம் ஃபுட்பாலை நிறுத்தியதும் ஸ்டேடியத்துக்கு அடியில் கிடந்த டிரம்மை 1955இல் ஒரு டாலருக்கு வாங்கி வந்தார்கள். 2022இல் அதற்கு ஓய்வு கொடுத்து, இன்னும் பெரிய இரண்டாவது பெர்த்தாவை இறக்கினார்கள். டெக்சாஸ் புள்ளி எடுக்கும்போதெல்லாம் ஸ்மோக்கி என்ற பீரங்கி முழங்கும். கைக்குழந்தை இருந்தால் காது மூடி கட்டாயம் கொண்டுபோங்கள். பீரங்கி நிற்கும் முனையை விட்டுத் தள்ளி இருக்கை எடுங்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். டெக்சாஸ் பெரிதாக முன்னிலை பெற்றுவிட்டால் மூன்றாம் கால்பகுதியிலேயே ஆஸ்டின் கூட்டம் கரையத் தொடங்கும். வெளியே அவ்வளவு பெரிய ஊர் காத்திருக்கும்போது இது இயல்புதான் என்றாலும், கைல் ஃபீல்ட் பார்த்துவிட்டு வருபவருக்கு ஏமாற்றமாக இருக்கும். இன்னொன்று பாரமானது. ஆட்டம் முடிந்ததும் வீரர்களும் கூட்டமும் கையை உயர்த்திப் பாடும் பல்கலைக்கழகப் பாட்டு 1903இல், வெள்ளையர்கள் முகத்தில் கறுப்புப் பூசி நடித்த மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சியில் முதலில் பாடப்பட்டது. 2020இல் விளையாட்டு மாணவர்கள் பலர் அதை மாற்றச் சொன்னார்கள். பல்கலைக்கழகம் குழு அமைத்து ஆராய்ந்து, பாட்டை வைத்துக்கொண்டது. எல்லோரும் எழுந்து நிற்கும் அந்த நிமிடத்தில் சிலர் விலகி இருப்பதைப் பார்த்தால் காரணம் தெரிந்திருப்பது நல்லது.

வென்ற இரவில் வளாகத்தின் 307 அடி உயர டவர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். மைதானத்தை விட்டு மேற்காக, சவுத் மால் புல்வெளி வரை நடந்து அங்கிருந்து பாருங்கள். நெரிசல் குறையக் காத்திருக்கும் நேரத்தைச் செலவிட இதைவிட நல்ல வழி இல்லை.

ஏ அண்ட் எம் ஆட்டம் வரும் வாரம் மட்டும் ஆஸ்டினில் கிடைப்பது ஹெக்ஸ் ராலி, அதாவது எதிரணிக்குச் சூனியம் வைக்கும் கூட்டம். 1941இல், கைல் ஃபீல்டில் 1923க்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லாத டெக்சாஸ் மாணவர்கள் குறிசொல்லும் ஒரு பெண்மணியிடம் போனார்கள். சிவப்பு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள் என்றார் அவர். ஊரெங்கும் ஏற்றினார்கள், டெக்சாஸ் 23–0 என வென்றது. ஆட்டம் திரும்பி வந்த 2024இல் மெழுகுவர்த்தியும் திரும்பி வந்தது. பான்ஃபயர் நினைவிடத்துக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தச் சிறு சுடர்களைப் பார்க்கும்போது இரண்டு பக்கமும் நெருப்பையே தேர்ந்தெடுத்தது மனதில் உறுத்தும். பாட்டும் அப்படியே: இரு பல்கலைக்கழகங்களின் போர்ப்பாட்டிலும் மற்றவரின் பெயரைச் சொல்லி விடைகொடுக்கும் வரி இருக்கிறது. ஒருவர் இல்லாமல் மற்றவரால் தன் பாட்டைக்கூடப் பாடி முடிக்க முடியாது.

இனி நடைமுறைக் காரியங்கள். டிக்கெட் ஃபோனில் மட்டும்தான். லட்சம் பேர் கூடும் இடத்தில் நெட்வொர்க் படுத்துவிடும், அதனால் அறையை விட்டுக் கிளம்பும் முன்பே ஃபோன் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். வாசலில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்யாதவர்கள். பை என்றால் 12×6×12 அங்குலத்துக்குள், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை. குழந்தையின் டயபர் பையைப் பற்றிய விதியை மைதானத்தின் இணையதளத்தில் முந்தின நாளே பாருங்கள். ஆட்ட நேரத்தைத் தொலைக்காட்சி நிறுவனங்கள்தான் முடிவு செய்கின்றன. பல ஆட்டங்களுக்கு இரண்டு வாரம் முன்புதான் உறுதியாகும். ரத்து செய்யக்கூடிய அறையையே பதியுங்கள். காலேஜ் ஸ்டேஷனில் அறைகள் குறைவு. பல விடுதிகள் ஆட்ட வாரத்தில் இரண்டு இரவு கட்டாயம் என்பார்கள். கிடைக்காவிட்டால் நவசோட்டா, பிரென்ஹம் பக்கம் தேடுங்கள். ஹூஸ்டனிலிருந்து வருபவர்கள் மிட்நைட் யெல் முடிந்து தூக்கக் கலக்கத்தில் 95 மைல் ஓட்டக் கூடாது.

செப்டம்பர் மதிய ஆட்டம் வேண்டாம். 95 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிய வெயிலில், இரு மைதானங்களிலும் கிழக்குப் பக்க இருக்கைகள் மாலைச் சூரியனை நேராகப் பார்க்கும். மேற்குப் பக்கத்தில் நிழல் முதலில் வரும். கைல் ஃபீல்டில் மாணவர் பகுதி கிழக்கில்தான், அங்கே நிற்கவும் வேண்டும். அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதி, இரவு ஆட்டம், பெரிதாகப் பெயரில்லாத எதிரணி: புதியவருக்கு இதுதான் சரியான தேர்வு. டிக்கெட் விலை பல மடங்கு குறையும். யெல், அணிவகுப்பு, பேண்டு, பீரங்கி, டவர் எதுவும் குறையாது. காரை ஆஸ்டினில் தலைமைச் செயலகத்தைச் சுற்றியுள்ள அரசு கராஜ்களில் விட்டு நடப்பது, ஐ-35 நெடுஞ்சாலைப் பக்கம் மாட்டிக்கொள்வதைவிட மேல். காலேஜ் ஸ்டேஷனில் வெல்பார்ன் சாலையை ஒட்டி ரயில் பாதை ஓடுகிறது. மேற்கு வளாகத்தில் கார் நிறுத்தினால் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காமல் சுரங்க நடைபாதையைப் பயன்படுத்துங்கள்.

எதிரிகள் மோதும் ஆட்டத்துக்கே போவதென்றால், அது தேங்க்ஸ்கிவிங் வார இறுதி. 2024இல் காலேஜ் ஸ்டேஷனில் நடந்தது, அதன்பின் ஊர் மாறி மாறி வருகிறது. மரூன், ஆரஞ்சு இரண்டில் எதுவும் உங்களுடையது இல்லையென்றால் இரண்டையும் தவிர்த்து வெள்ளை அணியுங்கள். எதிர்ப்பக்க நிறம் அணிந்துதான் போகிறீர்கள் என்றாலும் கைல் ஃபீல்டில் உங்களுக்கும் "ஹௌடி" கிடைக்கும். அங்கே எதிரணியைப் பார்த்து ஊளையிடுவது வழக்கமில்லை; நடுவர் தீர்ப்பு பிடிக்காவிட்டால்கூட அதற்கென்று தனியாக ஒரு யெல் வைத்திருக்கிறார்கள்.